870 ஆடுகள் காப்பாற்றிய உயிர்!

தைராய்டு குறைவு உள்ளவர்கள் டாக்டருடன் சேர்ந்து நடப்பது எப்படி?

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1891-ம் ஆண்டில் அந்த ஊரில் ஓர் அம்மாள் நோயில் விழுந்து கிடந்தார். அவருக்கு வயது 46.

விசித்திரமான நோய்! முகமும் கைகளும் உப்பிப் போயின. தலைமுடி கொட்டியது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. குளிரைத் தாங்கவே முடியவில்லை. எந்த வேலையைத் தொட்டாலும் மெதுவாகவே செய்ய முடிந்தது. வேற்று மனிதர்களைப் பார்க்கவே கூசினார். இப்படியே நாலைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி கெட்டுப்போவதால் இந்த நோய் வருகிறது என்பதை டாக்டர்கள் அப்போதுதான் கண்டறிந்திருந்தார்கள். ஆனால் மருந்து? அது யாருக்கும் தெரியாது.

அந்த ஊரில் ஜார்ஜ் மர்ரே என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். அவருக்கு வயது 25. அவர் ஒரு யோசனை செய்தார். "சுரப்பியில் ஊறும் சாறு இல்லாததால்தானே இந்த நோய்? அந்தச் சாற்றை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன?"

இதைக் கேட்டு மூத்த டாக்டர் ஒருவர் கேலி செய்தார். மர்ரே தளரவில்லை. நேராக அந்த அம்மாளிடம் போனார். தாம் செய்யப்போகும் சிகிச்சை இன்னதென்று விளக்கிச் சொன்னார். இது புதிய முயற்சி என்பதையும் மறைக்கவில்லை. அந்த அம்மாள் உடனே சம்மதித்தார்.

ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுக்கப்பட்டது. அதை ஊசி மூலம் உடம்பில் செலுத்தினார் மர்ரே. மூன்றே மாதம்! வீக்கம் வடிந்தது. பேச்சில் வேகம் வந்தது. அந்த அம்மாள் மீண்டும் பழைய மனுஷியானார்.

அதற்குப் பிறகு எத்தனை காலம் வாழ்ந்தார் தெரியுமா? 28 ஆண்டுகள்! 1919-ம் ஆண்டில், தமது 74-வது வயதில்தான் காலமானார். அந்த 28 ஆண்டுகளில் அவர் உடம்பில் சேர்ந்த சாறு சுமார் 5 லிட்டர். அதற்குத் தேவைப்பட்ட ஆடுகள் 870-க்கும் மேல்! இந்தக் கணக்கை 1920-ல் மர்ரேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆடுகளின் கணக்கு வியப்பானதுதான். அதைவிட வியப்பான விஷயம் ஒன்று உண்டு. அந்த அம்மாள் 28 ஆண்டுகளும் மருந்தை விடவில்லை. டாக்டரும் அவரை மறந்துவிடவில்லை. மருந்து பாதி வேலை செய்தது. மீதிப் பாதியை அந்த இருவரும் செய்தார்கள்.

இன்று தைராய்டு குறைவால் கஷ்டப்படுகிறவர்களுக்கு இதுவே முதல் பாடம்.

வண்ணத்துப்பூச்சிச் சுரப்பி

தைராய்டு என்றால் என்ன?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல இருக்கும். எடை 15 முதல் 20 கிராம்வரைதான். அதுதான் தைராய்டு.

சிறியதாக இருந்தாலும் அதன் ஆட்சி பெரிது. உடம்பை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ எவ்வளவு எரிய வேண்டும் என்று பார்த்துக்கொள்வது தைராய்டு. அதில் ஊறும் சாறுக்கு 'ஹார்மோன்' என்று பெயர். அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. இருதயம் துடிப்பது, குடல் அசைவது, மூளை சுறுசுறுப்பாக இருப்பது, உடம்பு கதகதப்பாக இருப்பது எல்லாமே அதன் தயவுதான்.

சாறு குறைந்தால் அடுப்பு மந்தமாக எரியும். உடனே உடம்பு முழுவதும் மந்தமாகிவிடும்.

சோம்பேறிப் பட்டம்!

இந்த நோய் ஆண்களுக்கும் வரும். ஆனால் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருகிறது. அதுவும் ஒரே நாளில் வருவதில்லை. திருடன் போல ஓசைப்படாமல் வருகிறது.

எட்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்புத் தீராது. எல்லோரும் விசிறியைத் தேடும்போது இவர் போர்வையைத் தேடுவார். தோல் வறண்டு போகும். மலச்சிக்கல் வரும். சில கிலோ எடை கூடும். குரல் கரகரக்கும். மாதவிலக்கு ஒழுங்கு தவறும். அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோகும். காரணமில்லாமல் அழுகை வரும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இது நோய் என்று தெரியாது. "சோம்பேறி" என்று பட்டம் கட்டிவிடுவார்கள். "வேலை செய்ய வணங்கவில்லை, தின்று தின்று பெருத்துவிட்டாள்" என்று பேச்சுக் கேட்க நேரும். அந்தப் பெண்ணும், "குற்றம் நம்முடையதுதானோ?" என்று தன்னையே நொந்துகொள்வாள். நோய் கொடுக்கும் துன்பத்தைவிட இந்தப் பேச்சு கொடுக்கும் துன்பம் பெரிது.

ஆகவே, சுறுசுறுப்பாக இருந்த மனைவியோ, தாயோ, மருமகளோ சில மாதங்களில் இப்படி மாறிப்போனால், வைவதற்கு முன்னால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஆனால் ஒன்று. களைப்பு என்றாலே தைராய்டு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ரத்தச் சோகை இருந்தாலும் களைப்பு வரும். நீரிழிவு இருந்தாலும் வரும். மனச் சோர்வு இருந்தாலும் வரும். எது என்று சொல்லக்கூடியது ரத்தப் பரிசோதனை.

மேஸ்திரியின் கூச்சல்

அந்தப் பரிசோதனையில் முக்கியமானது டி.எஸ்.எச். என்பது. பலர் இந்த எண்ணைப் பார்த்துக் குழம்பிவிடுகிறார்கள். "எண் கூடியிருக்கிறதே! அப்படியானால் தைராய்டு கூடிவிட்டதா?" என்று கேட்கிறார்கள். இல்லை. விஷயம் நேர் எதிர்.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. தைராய்டு, மேஸ்திரிக்குக் கீழே வேலை செய்யும் ஆள். ஆள் ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி அதட்ட மாட்டார். ஆள் வேலையில் பின்தங்கினால், "வேலை செய்! வேலை செய்!" என்று கூச்சல் போடுவார். அந்தக் கூச்சலின் அளவுதான் டி.எஸ்.எச்.!

ஆகவே டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று போட்டிருப்பார்கள். கூடத்துக்குக் கூடம் சிறிது மாறும். வயதானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதும் உண்டு.

இதோடு தைராய்டு ஹார்மோனின் அளவையும் டாக்டர் பார்ப்பார். அதற்கு டி-4 என்று பெயர். டி-4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் சிறிது கூடியிருந்தால், எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதித்துப் பார்க்கலாம் என்பார் டாக்டர். அதை அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

ஏன் வருகிறது?

உடம்பைக் காக்கும் சேனை ஒன்று நம் ரத்தத்தில் இருக்கிறது. கிருமி வந்தால் எதிர்த்துப் போராடுவது அதன் வேலை. சில பேருக்கு அந்தச் சேனையே வழி தவறி, சொந்தத் தைராய்டைத் தாக்குகிறது. சுரப்பி சிறிது சிறிதாக அழிகிறது. 1912-ல் ஜப்பானைச் சேர்ந்த ஹாஷிமோட்டோ என்ற டாக்டர் இந்த நோயை விவரித்து எழுதினார். அதனால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

தைராய்டை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கும் சாறு குறையும். சில மருந்துகளாலும் குறையும். உணவில் அயோடின் என்ற சத்து இல்லாவிட்டாலும் குறையும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தக் குறை இருக்கும்.

இப்போது ஆடு வேண்டாம்

1914-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவில் கெண்டல் என்ற விஞ்ஞானி, தைராய்டுச் சாற்றின் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்தார். அதற்குத் தைராக்ஸின் என்று பெயர். 1927-ல் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானிகள் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள்.

இன்று டாக்டர்கள் கொடுக்கும் லெவோதைராக்ஸின் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். உடம்பில் ஊற வேண்டிய அதே பொருளைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். ஆகவே, "வாழ்நாள் முழுவதும் மாத்திரையா? உடம்பு கெட்டுவிடாதா?" என்று அஞ்ச வேண்டாம். அளவு சரியாக இருந்தால் கெடுதல் இல்லை.

ஆனால் அந்த அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு! 25, 50, 75, 100 என்று பல அளவுகளில் மாத்திரை கிடைக்கிறது. சுரப்பி முழுவதுமே வேலை செய்யாதவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். வயதானவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாளின் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

காப்பிக்கு முன்னால்!

டாக்டர் அறையில் அடிக்கடி நடக்கும் காட்சி இது:

"மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா, அம்மா?"

"ஒருநாள்கூட விட்டதில்லை, டாக்டர்."

"எப்போது சாப்பிடுகிறீர்கள்?"

"காலையில் எழுந்ததும். ஒரு டம்ளர் காப்பியோடு போட்டுக்கொள்வேன்."

"வேறு மாத்திரை உண்டா?"

"ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மறந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிவிடுகிறேன்!"

டாக்டர் சிரிக்கிறார். அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை என்ற மர்மம் விளங்கிவிட்டது!

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில்தான் நன்றாக உடம்பில் சேரும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பி, தேநீர், பால், பலகாரம் எதுவும் வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வயிற்றுப் புளிப்புக்கான சில மருந்துகள் ஆகியவை தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் என்ன செய்வது? இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது சாப்பிடலாம். ஆனால் எந்த நேரம் என்பதை டாக்டரிடம் சொல்லி முடிவு செய்யுங்கள். தினமும் ஒரே வழக்கமாக இருக்கட்டும். மாத்திரைப் புட்டியை அடுப்பங்கரைச் சூட்டில் வைக்காதீர்கள்.

ஆறு வாரம் பொறுங்கள்

தலைவலி மாத்திரை அரை மணியில் வேலை செய்யும். தைராய்டு மாத்திரை அப்படியல்ல. அது மெதுவாகத்தான் உடம்பில் நிறையும். அளவைத் தொடங்கி, அல்லது மாற்றி, 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள். அளவு சரிப்பட்டுவிட்டால் பிறகு ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒரு முறை போதும்.

"பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இது ஒரு தவறு.

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. மூன்று மாதத்தில் உடம்பு தேறிவிடும். பரிசோதனையிலும் எண் சரியாக வரும். "குணமாகிவிட்டது!" என்று புட்டியை மூடி வைத்துவிடுவார்கள். எண் சரியாக இருப்பது மாத்திரை சாப்பிடுவதால்தான் என்பதை மறந்துவிடுவார்கள். சில வாரங்களில் பழைய களைப்புத் திரும்பிவரும். சிலருக்கு, முக்கியமாகப் பிரசவத்துக்குப் பின் வந்தவர்களுக்கு, சுரப்பி தானாகவே தேறுவதும் உண்டு. ஆனால் மாத்திரையை நிறுத்தலாமா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

மூன்றாவது தவறு, மெலிய வேண்டும் என்ற ஆசையில் மாத்திரையைக் கூட்டிச் சாப்பிடுவது. இது ஆபத்து! இருதயம் படபடக்கும். கை நடுங்கும். தூக்கம் கெடும். நாளடைவில் எலும்பு பலம் குறையும்.

தாயும் சேயும்

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒருநாள் தாமதமும் கூடாது. முதல் சில மாதங்களில் வயிற்றில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். குழந்தையின் சுரப்பி அதற்குப் பிறகே நன்றாக வேலை செய்யத் தொடங்கும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். "மசக்கையில் மாத்திரை எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தச் சொல்லக் கூடும். நிறுத்தவே கூடாது. கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே சொல்லிவிடுவது அதைவிட நல்லது.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் பிறவிக் குறை தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம்.

உப்பை மாற்றினால் போதாதா?

"அயோடின் உப்பு சாப்பிட்டால் போதாதா? மாத்திரை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

அயோடின் உப்பின் பெருமை சாதாரணமானதல்ல. இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் பல பேருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. அங்கே 1956-ல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து ஆராய்ச்சி தொடங்கினார்கள். கழுத்து வீக்கம் குறைந்தது. 1962-ல் இந்திய அரசு தேசியத் திட்டமே தொடங்கியது. தூத்துக்குடி உப்பளத்து உப்பிலும் அயோடின் சேர்வது இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் அயோடின் உப்பு, அயோடின் குறைவால் வரும் நோயைத் தடுக்கும். ஹாஷிமோட்டோ நோயால் அழிந்த சுரப்பியை அது மீட்டுத் தராது. அளவுக்கு மீறிய அயோடினும் கெடுதல் செய்யும். ஆகவே சமையலுக்கு அயோடின் உப்பு; நோய்க்கு மாத்திரை. முட்டைக்கோஸைப் பற்றியும் பயம் வேண்டாம். வேகவைத்து, வழக்கமான அளவில் சாப்பிடலாம்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

டாக்டருக்கு ஜோசியம் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத தாய்க்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும்.

1. ஒவ்வொரு பரிசோதனையின் தேதி, டி.எஸ்.எச். எண், அப்போது சாப்பிட்ட மாத்திரையின் அளவு. இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

2. களைப்பு, எடை, தூக்கம், மலம் கழித்தல் ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றம்.

3. எத்தனை நாள் மாத்திரை தவறியது? உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தால் டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார், துன்பம் உங்களுக்குத்தான். தவறிய மாத்திரைக்கு ஈடாக நீங்களாகவே இரட்டிப்பாகச் சாப்பிடவும் வேண்டாம்.

4. வேறு டாக்டர் கொடுத்த மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள். முடி வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை பரிசோதனை எண்ணையே தப்பாகக் காட்டிவிடும்.

5. பரிசோதனை நாளன்று மாத்திரையை ரத்தம் எடுப்பதற்கு முன்னால் சாப்பிடுவதா, பின்னால் சாப்பிடுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. எண் சரியாகியும் களைப்புத் தீரவில்லையா? அதையும் சொல்லுங்கள். வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் தேடுவார்.

நெஞ்சு படபடப்பு, மார்வலி வந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம். நோயாளி எழுப்பினாலும் எழாத மயக்கத்தில், உடல் சில்லிட்டுக் கிடந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த அம்மாளின் துணிச்சல்

நியூகாசில் அம்மாளுக்குக் கிடைத்தது ஆட்டின் சாறு. ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்க்க அந்தக் காலத்தில் வழி கிடையாது. அந்த அம்மாள் சொல்லும் சொல்தான் டாக்டருக்குப் பரிசோதனை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. அப்படியிருந்தும் 28 ஆண்டுகளை இருவரும் வென்று எடுத்தார்கள்.

இன்று ஆடு வேண்டாம், ஊசி வேண்டாம். விரல் நுனியில் அடங்கும் ஒரு மாத்திரை. இடையிடையே சிறிது ரத்தம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லும் நாலு வார்த்தை. வீட்டில் உள்ளவர்கள், "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று அன்போடு கேட்கும் ஒரு கேள்வி.

இவ்வளவு இருந்தால் போதும். மந்தமாக எரிந்த அடுப்பு மறுபடியும் சுடர் விட்டு எரியும்.